ஆளுக்கொரு புள்ளி

1992 உலகக் கோப்பை கிரிக்கெட்டை வென்றது பாகிஸ்தான், கேப்டன் இம்ரான் கான் என்று எல்லாப் புத்தகத்திலும் போட்டிருக்கிறது. நியாயமாகப் பார்த்தால் அதற்குக் கீழே பொடி எழுத்தில் 'உதவி: அடிலெய்டு வானிலை' என்று இன்னொரு வரியும் இருந்திருக்க வேண்டும். ஒரு தேசத்தையே அரை இறுதிக்குத் தூக்கிக்கொண்டுபோய் விட்ட மழைக்கு ஒரு நன்றி நவிலல்கூடக் கிடையாது.

சம்பவம் நடந்தது மார்ச் 1, ஞாயிற்றுக்கிழமை. ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் சேர்ந்து நடத்திய போட்டி. வண்ணச் சட்டை, வெள்ளைப் பந்து, ராத்திரி விளக்கு என்று உலகக் கோப்பை முதல் தடவையாகப் பவுடர் பூசிக்கொண்டு வந்திருந்த வருஷம். அடிலெய்டில் பாகிஸ்தானுக்கும் இங்கிலாந்துக்கும் லீக் ஆட்டம். இம்ரானுக்குத் தோளில் காயம், அன்றைக்கு ஆடவில்லை. கேப்டன் வேலையை ஜாவேத் மியான்டட் பார்த்தார். டாஸை வென்ற கிரஹாம் கூச், நீங்களே முதலில் ஆடுங்கள் என்று பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்தார்.

பாகிஸ்தான் 'ஆடியது' என்று எழுதுவதெல்லாம் ஒரு மரியாதைக்குத்தான். 40.2 ஓவர் நின்றார்கள், 74 ரன் எடுத்தார்கள். பார்த்தால் யாருக்கும் பயம் வராத டெரெக் பிரிங்கிள் 8.2 ஓவர் போட்டு, 8 ரன் கொடுத்து, 3 விக்கெட்டை எடுத்துக்கொண்டு போனார். அதில் ஐந்து ஓவர் மெய்டன். இந்த மெய்டன் விஷயத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் பெரிய வில்லங்கமாக வந்து நிற்கும்.

இங்கிலாந்துக்கு 50 ஓவரில் 75 ரன் வேண்டும். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்தே எடுத்துவிடலாம். அப்போதுதான் வானம் இருட்டியது.

தெற்கு ஆஸ்திரேலியாவை, உலகிலேயே வறண்ட கண்டத்தின் வறண்ட மாநிலம் என்று அந்த ஊர்க்காரர்களே பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். (ஆள் குடியில்லாத அண்டார்டிகாவைக் கணக்கில் சேர்ப்பதில்லை.) அதன் தலைநகரம் அடிலெய்டு. யாகம் வளர்த்தாலும் யோசித்து வருகிற மழை, பாகிஸ்தான் 74-க்குச் சுருண்ட அன்றைக்குப் பார்த்து, கூப்பிடாமலேயே வந்தது. வந்து, நின்று, போய், மறுபடி எட்டிப் பார்த்தது. நடுவில் நேரம் கரைந்து, 16 ஓவரில் 64 ரன் எடுக்க வேண்டும் என்று புது இலக்கு கொடுத்தார்கள். இங்கிலாந்து 8 ஓவரில் ஒரு விக்கெட்டுக்கு 24 எடுத்திருந்தபோது வானம் கடைசியாக ஒரு முடிவுக்கு வந்தது. முடிவு சொல்லப் போதுமான ஓவர்கள் நடக்கவில்லை. ஆட்டம் செல்லாது. ஆளுக்கொரு புள்ளி.

கோப்பையை நோக்கி இம்ரான் எடுத்து வைத்த முக்கியமான அடி, அவர் ஆடாத ஆட்டத்தில், அவருடைய அணி ஆடத் தெரியாமல் ஆடிய நாளில் விழுந்தது இப்படித்தான்.

ஆளுக்கொரு புள்ளி என்கிற பிரசாதம் ரெண்டு நாள் முன்னால்தான் இன்னோர் ஊரிலும் விநியோகம் ஆகியிருந்தது. குவீன்ஸ்லாந்தில் மக்காய் என்று கரும்பு விளைகிற ஊர். பிப்ரவரி 28-ஆம் தேதி அங்கே இந்தியாவும் இலங்கையும் மோத வேண்டும். அந்தப் பக்கம் மழைக்காலமே பிப்ரவரியில்தான். மழைக்காலத்தில், மழை பெய்கிற ஊரில், மாற்று நாள் இல்லாமல் ஆட்டத்தை வைத்துவிட்டு, மழை பெய்கிறதே என்று எல்லோரும் ஆச்சரியப்பட்டார்கள். மைதானத்தைக் காயவைக்க ஹெலிகாப்டரைக் கொண்டுவந்து தாழப் பறக்கவிட்டார்கள். ஹெலிகாப்டர் காயவைத்த தரையில் 20 ஓவர் ஆட்டம் என்று முடிவானது. நம்ம சென்னை ஸ்ரீகாந்தும் கபில் தேவும் இறங்கினார்கள். இரண்டு பந்து. ஸ்ரீகாந்த் ஒரு ரன் எடுத்தார். மழை.

ஸ்ரீகாந்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அவருக்கு இரண்டு பந்து என்பது நீண்ட நேரம். அதற்குள் என்ன வேண்டுமானாலும் நடக்கலாம். ஆனால் அன்று ஒரு ரன்னோடு அவர் நாட் அவுட். ஹெலிகாப்டர் பெட்ரோல் காசுக்கு அந்த ஒரு ரன்னின் அடக்க விலை என்ன ஆகியிருக்கும் என்று எந்த நிபுணரும் இதுவரை கணக்குப் போடவில்லை.

மக்காயில் ஆளுக்கொரு புள்ளி என்றபோது யாரும் முணுமுணுக்கவில்லை. இரண்டு பந்தில் யார் ஜெயித்திருப்பார் என்று சொல்ல ஜோசியன்தான் வேண்டும். அடிலெய்டிலோ 74 ரன் என்று பலகையில் எழுதியே இருந்தது. அங்கேயும் ஆளுக்கொன்றா என்று இங்கிலாந்துக்காரர்கள் மூக்கைச் சிந்தினார்கள். எனக்கென்னவோ அது அநியாயமாகத் தோன்றவில்லை. முடியாத ஆட்டத்துக்கு ஆளுக்கொன்று என்பது டாஸ் போடும் முன்பே எல்லோருக்கும் தெரிந்த சட்டம். எழுதியவருக்கு யார் சுருளப் போகிறார்கள் என்று தெரியாது. குருட்டுச் சட்டம்தான், ஆனால் இரண்டு கண்ணிலும் சமமான குருடு. வயிற்றெரிச்சல் வேறு, வழக்கு வேறு.

உண்மையான அநியாயத்தைப் பார்க்க வேண்டுமானால் அதே ஞாயிற்றுக்கிழமை பிரிஸ்பேனுக்குப் போக வேண்டும். அங்கே ஆட்டம் 'செல்லாது' ஆகவில்லை, 'செல்லும்படி' ஆக்கினார்கள். அதற்கென்றே ஒரு மழை விதியைத் தயாரித்து வைத்திருந்தார்கள்.

அந்த விதிக்கு ஒரு பூர்வகதை உண்டு. 1989 ஜனவரியில் சிட்னியில் ஒரு முத்தரப்புத் தொடரின் இறுதிச் சுற்று ஆட்டம். முதலில் ஆடிய ஆஸ்திரேலியா 38 ஓவரில் 226. வெஸ்ட் இண்டீஸ் 6.4 ஓவரில் 47 எடுத்திருந்தபோது மழை. அப்போதைய முறை எளிமையானது: ஓவருக்கு சராசரியாக எத்தனை ரன் என்று வகுத்து, இரண்டாவது அணிக்கு மொத்தம் கிடைக்கிற ஓவரால் பெருக்கு. பெருக்கிப் பார்த்தால், 31.2 ஓவரில் 180 எடுக்க வேண்டியிருந்த வெஸ்ட் இண்டீஸுக்கு இனி 11.2 ஓவரில் 61 போதும் என்று வந்தது. கையில் எட்டு விக்கெட். அதை வைத்துக்கொண்டு டெஸ்மண்ட் ஹெய்ன்ஸ் வகையறா என்ன செய்திருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. சொந்த மைதானத்தில் ஆஸ்திரேலிய ரசிகர்கள் கூச்சல் போட்டுத் தீர்த்தார்கள்.

முதலில் ஆடுகிறவனுக்கு இந்த முறை அல்வா கொடுக்கிறது, மாற்ற வேண்டும் என்று பெரியவர்கள் கூடினார்கள். ரிச்சி பெனோ மாதிரி கிரிக்கெட்டைக் கரைத்துக் குடித்தவர்களும் அதில் உண்டு. பிள்ளையார் பிடிக்க உட்கார்ந்தார்கள். பிடித்து முடித்தபோது அது வாலை ஆட்டியது.

புது விதி இது: மழையால் இரண்டாவது அணிக்கு எத்தனை ஓவர் குறைகிறதோ, முதல் அணி ஆடியதில் அத்தனை ஓவரைக் கழிக்க வேண்டும். எந்த ஓவர்களை? முதல் அணி மிகக் குறைவாக ரன் எடுத்த ஓவர்களை. படிக்கும்போது ரொம்ப விவரமாகத்தான் இருக்கும். ஹாஸ்டல் மெஸ்ஸில் ரிபேட் வாங்கியவர்களுக்குத்தான் இதன் முழு அழகும் புரியும்.

"அண்ணே, பத்து நாள் ஊருக்குப் போயிட்டேன். பில்லுல கழிச்சுக்குங்க."

"கழிச்சாச்சே தம்பி. இந்த மாசம் செலவு கம்மியான பத்து நாளாப் பொறுக்கிக் கழிச்சிருக்கேன். எல்லாம் உப்புமா போட்ட நாள்."

"நான் இல்லாத அன்னிக்கு பிரியாணி போட்டீங்களாமேண்ணே!"

"அது மீதிக் கணக்குல இருக்கு தம்பி. நீதான் கட்டணும்."

இந்த மெஸ் கணக்கைத்தான் உலகக் கோப்பையில் வைத்தார்கள். பிரிஸ்பேனில் ஆஸ்திரேலியா 50 ஓவரில் 237. இந்தியா துரத்தும்போது மழை வந்து மூன்று ஓவர் போனது. ஆஸ்திரேலியா மிகக் குறைவாக எடுத்த மூன்று ஓவர்களைத் தேடினார்கள். நம் பந்துவீச்சாளர்கள் கட்டிப்போட்டு வீசிய அந்த மூன்று ஓவரிலும் சேர்த்து மொத்தமே இரண்டு ரன். ஆக இந்தியாவுக்கு மூன்று ஓவர் வெட்டு, இரண்டு ரன் சலுகை. 47 ஓவரில் 236.

நன்றாகப் பந்து வீசிய குற்றத்துக்காக ஒரு அணிக்கு அபராதம் போட்ட முதல் சட்டம் உலகத்திலேயே அதுவாகத்தான் இருக்கும். அன்று நம் ஆட்கள் அந்த மூன்று ஓவரில் சோம்பலாகப் போட்டு இருபது ரன்னை விட்டுக்கொடுத்திருந்தால், இலக்கு இன்னும் இறங்கியிருக்குமா என்று கேட்காதீர்கள். யோசித்தால் தலை சுற்றும், அந்த விதியே தலை சுற்றுவதற்காகத்தான்.

அசாருதீன் 93 அடித்தார். கடைசி ஓவரில் 13 வேண்டும். டாம் மூடி பந்து போட, கிரண் மோரே முதல் இரண்டு பந்தையும் பவுண்டரிக்கு அனுப்பிவிட்டு மூன்றாவதில் போல்டு ஆனார். தொடங்கியதை முடிக்காமல் போவது நம் ஊர் வழக்கம் என்பதால் இதில் யாருக்கும் அதிர்ச்சியில்லை. கடைசிப் பந்தில் நாலு ரன் வேண்டும். ஸ்ரீநாத் கண்ணை மூடிக்கொண்டு தூக்கினார். எல்லையருகே ஸ்டீவ் வா, கைக்கு வந்த கேட்சை நழுவவிட்டார். கேட்சை விட்டவன் வழக்கமாகத் தலையில் கை வைத்துக்கொண்டு உட்காருவான். ஸ்டீவ் வா பந்தை எடுத்து எறிந்தார். ஹீலிக்கு அடிபட்டதால் விக்கெட் கீப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு நின்றிருந்த டேவிட் பூன் அதை வாங்கி ஸ்டம்பைத் தட்டினார். ஆட்டத்தைச் சமன் செய்யும் மூன்றாவது ரன்னுக்கு ஓடிவந்த வெங்கடபதி ராஜு வந்து சேரவில்லை. இந்தியா 234. ஒரு ரன்னில் தோல்வி.

அந்த ஒரு ரன்னை வைத்து எத்தனை டீக்கடை பெஞ்சு தேய்ந்திருக்கும்! சரி, தாராளமாகவே கூட்டிப் பார்ப்போம். பிரிஸ்பேனில் ஜெயித்தோம் என்று வையுங்கள், மக்காயில் மழை பெய்யவில்லை, இலங்கையையும் ஜெயித்தோம். நமக்கு 5-க்குப் பதில் 8 புள்ளி. நாலாவது இடத்தில் இருந்த பாகிஸ்தானுக்கு 9. அதாவது நமக்கு நடந்த எல்லா அநியாயத்தையும் வட்டியோடு சரிசெய்து கொடுத்தாலும் நாம் விமானம் ஏறியிருப்போம். புகார் மனுவில் இந்த வரியை மட்டும் யாரும் சேர்ப்பதில்லை.

இதே மழை விதி, அடிலெய்டில் மழை காப்பாற்றிய பாகிஸ்தானை ஒரு வாரம் கழித்து பிரிஸ்பேனில் கவிழ்த்தது. தென்னாப்பிரிக்கா 211. பாகிஸ்தானுக்கு 14 ஓவர் வெட்டு, 18 ரன் சலுகை. 36 ஓவரில் 194 என்று வந்தது. ஜான்டி ரோட்ஸ் பந்தோடு காற்றில் பறந்து ஸ்டம்பைச் சாய்த்து இன்சமாமை வெளியேற்றிய அந்த உலகப் புகழ் பெற்ற படம் இந்த ஆட்டத்தில் எடுத்ததுதான். பாகிஸ்தான் 20 ரன்னில் தோற்றது. ஐந்து ஆட்டம் முடிந்து கையில் இருந்தது மூன்றே புள்ளி. அதில் ஒன்று மழை போட்டது.

அதற்குப் பிறகுதான் இம்ரான் புலிப் படம் போட்ட பனியனைப் போட்டுக்கொண்டு, மூலையில் மாட்டிய புலி மாதிரி சண்டை போடுங்கள் என்று பையன்களைக் கிளப்பிவிட்டார். ஆஸ்திரேலியாவை அடித்தார்கள், இலங்கையை அடித்தார்கள். மார்ச் 18, லீக் சுற்றின் கடைசி நாள், அதுவரை ஏழு ஆட்டத்திலும் ஜெயித்துக்கொண்டு வந்த நியூசிலாந்தை அவர்கள் ஊரிலேயே அடித்தார்கள். இதெல்லாம் சாமர்த்தியம், ஒப்புக்கொள்வோம். ஆனால் அதோடு வேலை முடியவில்லை. அதே நாள் மெல்போர்னில் வெஸ்ட் இண்டீஸ் ஜெயித்துவிட்டால் அவர்களுக்கு 10 புள்ளி, பாகிஸ்தான் மூட்டை கட்ட வேண்டியதுதான். அங்கே அவர்களோடு ஆடியது ஆஸ்திரேலியா. பாகிஸ்தானுக்கு 9 ஆகிவிட்ட பிறகு, ஜெயித்தாலும் 8-ஐத் தாண்ட முடியாத ஆஸ்திரேலியாவுக்கு அந்த வெற்றியால் சல்லிக் காசுப் பயன் கிடையாது. இருந்தும் பூன் சதம் அடிக்க, 57 ரன்னில் ஜெயித்துத் தொலைத்தார்கள். (அன்றே ஆல்பரியில் 134 ரன் எடுத்த ஜிம்பாப்வே, இங்கிலாந்தை 125-க்கு உருட்டியது. கூச்சை முதல் பந்திலேயே வீழ்த்திய எட்டோ பிராண்டஸ் கோழிப்பண்ணை வைத்திருந்தவர். கதைக்குச் சம்பந்தமில்லை, ஆனால் விட மனசு வரவில்லை.)

பட்டியல் இப்படி நின்றது: நியூசிலாந்து 14, இங்கிலாந்து 11, தென்னாப்பிரிக்கா 10, பாகிஸ்தான் 9, ஆஸ்திரேலியா 8, வெஸ்ட் இண்டீஸ் 8. அடிலெய்டில் மழை வராமல், பாகிஸ்தான் விதிப்படி உதைபட்டிருந்தால் அவர்களுக்கும் 8. மூன்று பேருக்கும் சமம் என்றால் நிகர ரன் விகிதத்தைப் பார்க்க வேண்டும். அந்த 74-ஐச் சேர்க்காமலே ஆஸ்திரேலியா மயிரிழை முன்னால் இருந்தது. சேர்த்திருந்தால் பேச்சே இல்லை. அதாவது, போட்டியை நடத்துகிற நாடும் நடப்புச் சாம்பியனுமான ஆஸ்திரேலியாவை அரை இறுதிக்கு வரவிடாமல் தடுத்தது ஆஸ்திரேலிய மழை. அவர்கள் தேசத்துரோக வழக்கு போடாதது பெருந்தன்மை.

மழையைத் திட்டுவது சுலபம், பதில் பேசாது. 36 லீக் ஆட்டங்களை இரண்டு நாட்டில் 26 நாளுக்குள் அடைத்தது மழையா? லீக் ஆட்டத்துக்கு மாற்று நாள் தர மறுத்தது மழையா? முடியாத ஆட்டத்தை மறுநாள் முடிக்கலாம் என்கிற யோசனை ஐந்து நாள் டெஸ்ட் ஆடுகிற கூட்டத்துக்குத் தோன்றாமல் இருக்காது. டிவி அட்டவணையில் அடுத்த நாள் வேறு நிகழ்ச்சி இருக்கும், விமான டிக்கெட் போட்டிருப்பார்கள். நியாயம் கிடைக்க ஒரு நாள் அதிகம் ஆகும் என்றால், அந்த ஒரு நாளுக்கு யார் காசு கொடுப்பது? அங்கேதான் எல்லாச் சட்டப் புத்தகமும் மூடிக்கொள்ளும். அதற்குச் சாட்சி, மாற்று நாளைக் கையில் வைத்துக்கொண்டே அவர்கள் செய்த காரியம்.

மார்ச் 22, சிட்னி. இரண்டாவது அரை இறுதி, இங்கிலாந்தும் தென்னாப்பிரிக்காவும். நிறவெறி ஆட்சிக்காக இருபது வருஷத்துக்கு மேல் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த தென்னாப்பிரிக்காவுக்கு இதுதான் முதல் உலகக் கோப்பை. கடைசி நேரத்தில் பெயர் சேர்த்து வந்தவர்கள் அரை இறுதியில் நின்றார்கள். மழை வரும் போலிருக்கிறது, மழை வந்தால் இரண்டாவது ஆடுகிறவன் காலி என்பது ஊருக்கே தெரியும். டாஸை வென்ற கெப்ளர் வெஸல்ஸ், நாங்கள் இரண்டாவது ஆடுகிறோம் என்றார். சொந்தக் காசில் சூனியம் வைப்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை. அதோடு விட்டார்களா? பந்து போடுவதில் ஆற அமர நேரத்தைக் கடத்தி, 45 ஓவர்தான் போட முடிந்தது. 50 ஓவர் ஆடியிருக்க வேண்டிய இங்கிலாந்து, கடைசி அடிதடி ஓவர்களை இழந்து 252-இல் நின்றது. அபராதம் கட்டுவதைவிட அது லாபம். ஆக, இவர்களும் பால்குடிப் பிள்ளைகள் இல்லை.

துரத்தினார்கள், நன்றாகவே துரத்தினார்கள். 13 பந்தில் 22 ரன் வேண்டும் என்ற கட்டத்தில் வானம் பொத்துக்கொண்டது. கிரீஸில் பிரையன் மெக்மில்லனும் டேவ் ரிச்சர்ட்சனும். பெய்தது பன்னிரண்டு நிமிஷம் போல. ஒரு டீ குடித்து டம்ளரைக் கழுவி வைக்கிற நேரம். மழை நின்றது, மழை விதி நிற்கவில்லை. முதலில் ஒரு ஓவர் போனது, 7 பந்தில் 22 என்றார்கள். பிறகு இன்னொரு ஓவரும் போனது. இங்கிலாந்து எடுத்ததிலேயே மிகக் குறைந்த இரண்டு ஓவர்களைத் தேடினால், தென்னாப்பிரிக்காவின் மெய்ரிக் பிரிங்கிள் உயிரைக் கொடுத்துப் போட்ட இரண்டு மெய்டன் ஓவர். அதில் உதிரியாக ஒரே ஒரு ரன். கழித்தாயிற்று. சிட்னி மைதானத்தின் மின்பலகையில் எழுத்து ஓடியது: தென்னாப்பிரிக்கா வெற்றி பெற 1 பந்தில் 22 ரன்.

ஒரு ரன்னைக் கழிக்க மறந்துவிட்டார்கள், சரியான கணக்கு 21. பலகைக்காரரைக் குறை சொல்லக்கூடாது. ஒரு பந்தில் 22-க்கும் 21-க்கும் உள்ள வித்தியாசம் தத்துவ வகுப்பில்தான் முக்கியம்.

அடிலெய்டில் ஒரு பிரிங்கிள், சிட்னியில் ஒரு பிரிங்கிள். இரண்டு பேரும் நன்றாகப் பந்து போட்டார்கள், இரண்டு பேருடைய மெய்டனும் அவரவர் அணிக்கே ஆப்பானது. அடிலெய்டில் 34 ஓவர் வெட்டிய பிறகும் இங்கிலாந்துக்கு 75-இல் 11 ரன் மட்டுமே ஏன் குறைந்தது என்று இப்போது புரிந்திருக்கும். அந்த வருஷம் பிரிங்கிள் என்று பெயர் வைத்தவர்கள் பந்து வீசாமல் இருந்திருந்தால் பல குடும்பங்களில் நிம்மதி இருந்திருக்கும்.

மெக்மில்லன் கிறிஸ் லூயிஸ் போட்ட அந்த ஒற்றைப் பந்தைத் தட்டி ஒரு ரன் ஓடினார். 19 ரன்னில் தோல்வி. அரை இறுதிக்கு மாற்று நாள் ஒதுக்கியிருந்தார்கள் என்பதுதான் இதில் உச்சம். மறுநாள் வந்து 13 பந்தைப் போட்டு முடித்திருக்கலாம். ஏன் செய்யவில்லை என்பதற்கு உருப்படியான விளக்கம் இன்றுவரை வரவில்லை. அன்றைக்கே முடிக்க வேண்டும் என்ற ஒளிபரப்புக்காரர்களின் அவசரம் என்று ஊர் பேசிக்கொண்டது. தென்னாப்பிரிக்க வீரர்கள் தோற்ற பிறகும் மைதானத்தைச் சுற்றிவந்து கையசைத்தார்கள். அரங்கம் இங்கிலாந்தைப் பார்த்து ஊளையிட்டது. மூன்று வாரம் முன்பு அடிலெய்டில் மழைக்கு ஒரு புள்ளி இழந்து புலம்பிய அதே இங்கிலாந்து, இம்முறை விதி என்றால் விதி என்று கண்ணியமாகக் கைகுலுக்கிவிட்டு உள்ளே போனது. நியாய உணர்ச்சி யாருக்கு எப்போது பொங்கும் என்பது ஸ்கோர் போர்டைப் பொறுத்தது.

மார்ச் 25, மெல்போர்ன் இறுதியில் பாகிஸ்தான் 249. டெரெக் பிரிங்கிள் மறுபடி பிரமாதமாக 22 ரன்னுக்கு 3 விக்கெட். வாசிம் அக்ரம் அடுத்தடுத்த பந்தில் லாம்பையும் லூயிஸையும் சாய்த்த கையோடு இங்கிலாந்து 227-க்குப் படுத்தது. தோல்வி வித்தியாசம் 22 ரன். பலகையில் தப்பாக ஓடிய அதே 22. நியூமராலஜிக்காரர்கள் இதை எப்படித் தவறவிட்டார்கள் என்பது புதிர். 74-க்குச் சுருட்டிய அணியிடமே கோப்பையைக் கொடுத்துவிட்டு இங்கிலாந்து ஊர் திரும்பியது.

சிட்னி அசிங்கத்துக்குப் பிறகு வானொலியில் கிறிஸ்டோபர் மார்ட்டின்-ஜென்கின்ஸ், இதைவிட நல்ல வழியை யாராவது கண்டுபிடிக்கக் கூடாதா என்று அங்கலாய்த்தார். அதைக் கேட்டுக்கொண்டிருந்த ஃபிராங்க் டக்வொர்த் என்ற புள்ளியியல்காரர் அதை நேர்ந்துகொண்டார். டோனி லூயிஸோடு சேர்ந்து அவர் உருவாக்கிய கணக்கு, மீதி இருக்கிற ஓவரை மட்டும் பார்க்காமல் மீதி இருக்கிற விக்கெட்டையும் பார்த்தது. இவ்வளவுதான் விஷயம். பெரியவர்கள் கமிட்டிக்கு இது தோன்றவில்லை. 1997 புத்தாண்டன்று ஹராரேயில் முதலில் அமலுக்கு வந்தது. அந்தக் கணக்குப்படி சிட்னியில் கடைசிப் பந்தில் 5 ரன் எடுத்தால் தென்னாப்பிரிக்கா ஜெயித்திருக்கும். சிக்ஸர் அடிக்க ஒரு ஆசையாவது மிஞ்சியிருக்கும்.

ஆக, கணக்குச் சரியாகிவிட்டது, இனி மழை பெய்தால் அழ வேண்டியதில்லை என்று நினைத்தார்கள். மழை விட்டது, தூவானம் விடவில்லை. 2003 உலகக் கோப்பையைத் தென்னாப்பிரிக்காவே நடத்தியது. மார்ச் 3, டர்பன். லீக் சுற்றில் அவர்களுடைய கடைசி ஆட்டம், எதிரில் இலங்கை. ஜெயித்தால் அடுத்த சுற்று. இலங்கை 268. தென்னாப்பிரிக்கா துரத்திக்கொண்டிருக்க, மழை தன் உரிமையைக் கேட்டு வந்து நின்றது. 45 ஓவர் முடிவில் 229 இருக்க வேண்டும் என்று மார்க் பௌச்சருக்கு ஓய்வறையிலிருந்து சேதி போனது. பந்து வீசிக்கொண்டிருந்தவர் முத்தையா முரளிதரன். ஐந்தாவது பந்தை பௌச்சர் சிக்ஸருக்குத் தூக்கினார். 229 ஆயிற்று. மிஞ்சியிருந்த ஒரே பந்தை, எதற்கு வம்பு என்று பூவைத் தடவுவது போல் தட்டி வைத்துவிட்டு, ஓடாமல் நின்றார்.

உள்ளே காகிதத்தில் இருந்த 229, ஜெயிக்க அல்ல, சமன் செய்ய. ஜெயிக்க 230. டக்வொர்த்தும் லூயிஸும் எத்தனை தசமப் புள்ளி வரை போட்டுக் கொடுத்தாலும், அதைப் படிக்கிற ஆளுக்கு அவர்கள் பொறுப்பல்ல. மழை கொட்டியது, ஆட்டம் டை, ஆளுக்கு இரண்டு புள்ளி. (வெற்றிக்கே நாலு என்று உயர்த்தியிருந்ததால் மழைக்கூலியும் இரட்டிப்பு.) அந்தப் பிரிவிலேயே வங்கதேசத்தோடு ஆடிய ஆட்டம் மழையில் கரைந்த வெஸ்ட் இண்டீஸும் இரண்டு புள்ளி வித்தியாசத்தில் வெளியேறியது, அவர்களுக்குத் துணை கிடைத்தது. ஷான் பொல்லாக்கின் கேப்டன் பதவி பறிபோனது. இலங்கை சூப்பர் சிக்ஸுக்குப் போயிற்று. தென்னாப்பிரிக்கர்கள் மீதி உலகக் கோப்பையைச் சொந்த ஊரிலேயே டிக்கெட் வாங்கிப் பார்த்தார்கள்.